குடியிருக்கும் ஊரும் உண்ணும் சோறும்

பெங்களூரில் அல்சூர் ஏரிக்கு வடக்கே காக்ஸ் டவுன் என்றொரு குடியிருப்பு உண்டு. கலெக்டராக இருந்த காக்ஸ் என்பவரின் பெயரைத் தாங்கியது அது. கன்னடம், தமிழ், உருது, ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளும் ஒரே கடை வாசலில் ஒலிக்க அங்கே கேட்கலாம். இப்பகுதியும் இதனை அடுத்த பிரேசர் டவுன் முதலியனவும் எவ்வாறு தோன்றின என்பதிலிருந்து நமது பேச்சைத் தொடங்குவது பொருத்தமாயிருக்கும்.

1898ஆம் ஆண்டில் பெங்களூரைப் பிளேக் நோய் பற்றியது. காற்றும் வெளிச்சமும் புகாத சந்துகளில், எலியும் மனிதரும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த வீடுகளில், மக்கள் மடிந்தார்கள். மருந்து மட்டும் போதாது, குடியிருப்பையே மாற்ற வேண்டும் என்ற முடிவுக்கு அன்றைய ஆட்சியாளர் வந்தனர். அந்த முடிவின் பயனாய்ப் பிரேசர் டவுன் எழுந்தது. அகன்ற தெருக்கள், எலி வளை தோண்ட முடியாத தளங்கள், வீட்டுக்கு வீடு இடைவெளி இவற்றோடு நகரம் அமைக்கும் முறையைப் பற்றி நகராட்சிப் பொறியாளர் ஸ்டீபன்ஸ் 1914இல் ஒரு நூலே வெளியிட்டார். பின்னர் எழுந்த காக்ஸ் டவுனும் அவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கதே. ஆக, ஒருவர் குடியிருக்கும் இடம் அவருடைய உடல் நலத்தை ஆக்கவும் வல்லது, கெடுக்கவும் வல்லது என்னும் எண்ணத்தின் மேல் கட்டப்பட்ட தெருக்கள் இவை.

பிளேக் போய்விட்டது. இன்று இத்தெருக்களில் வீட்டுக்கு ஒருவரையாவது பிடித்திருப்பது நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, இடுப்பைச் சுற்றிய கொழுப்பு என்னும் கூட்டம். உண்ட உணவைச் சக்தியாக்கிச் செலவிடுவதும் சேமிப்பதுமாகிய வளர்சிதை மாற்றம் என்னும் வேலை பிறழ்வதால் வருபவை இவை. எலிக்குத் தளம் போட்டுத் தடுத்தோம். இவற்றை எதைக் கொண்டு தடுப்பது? அதற்குமுன், இவற்றுக்கும் குடியிருக்கும் இடத்துக்கும் தொடர்புண்டா என்று பார்க்க வேண்டும்.

ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் பிழைப்புக்காகப் பட்டணம் வருகிறார். மற்றவர் ஊரிலேயே நிலத்தைப் பார்த்துக்கொண்டு தங்கிவிடுகிறார். குருதி ஒன்று, குழந்தைப் பருவத்து உணவு ஒன்று. முப்பது ஆண்டுகளுக்குப் பின் இருவர் உடலையும் சோதித்தால் என்ன தெரியும்? இப்படி ஒரு சோதனை உண்மையாகவே நடந்திருக்கிறது. லக்னோ, நாகபுரி, ஐதராபாத், பெங்களூர் ஆகிய நான்கு நகரங்களின் ஆலைகளில் வேலை செய்வோரையும், அவர்களுடைய மனைவி அல்லது கணவரையும், கிராமத்தில் தங்கிவிட்ட அவர்தம் உடன்பிறப்புகளையும் ஆராய்ச்சியாளர்கள் தேடிப் பிடித்தார்கள். பெங்களூரில் தேர்ந்த ஆலை இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ். மொத்தம் 6,510 பேர். முடிவுகள் 2010இல் வெளிவந்தன.

ஆண்களின் கணக்கைச் சொல்வோம். உயரத்துக்கு மிஞ்சிய உடற்கனம் உடையோர், பட்டணத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களில் 100க்கு 41.9 பேர், கிராமத்திலிருந்து வந்தவர்களில் 37.8 பேர், கிராமத்தில் தங்கியவர்களில் 19 பேர். நீரிழிவு உடையோர், அதே வரிசையில், 13.5, 14.3, 6.2. பெண்களிடத்தும் ஏறத்தாழ இதே போக்குத்தான். பட்டணத்துக்கு வந்த தம்பி பட்டணத்தானுக்குச் சமமாய் நிற்கிறான்; ஊரில் தங்கிய அண்ணனுக்குப் பாதி ஆபத்து. வந்து பத்தாண்டு நிறையாத ஆண்களுக்கு நோய் சற்றுக் குறைவாயிருக்கக்கூடும் என்னும் அறிகுறியும் தென்பட்டது. ஆனால் அது உறுதியான சான்று அன்று என்று ஆராய்ந்தவர்களே எச்சரித்தார்கள். 'எங்கள் குடும்பத்திலேயே சர்க்கரை' என்று சொல்லி ஆறுதல் தேடுவோர் இந்தக் கணக்கைச் சற்று எண்ணிப் பார்க்கலாம். குடும்பம் ஒன்றுதான், மாறியது முகவரி.

இதைக் கேட்டவுடன், கிராமத்து உணவு அமுதம், பட்டணத்து உணவு நஞ்சு என்று தீர்ப்புச் சொல்லிவிடத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். அதே மக்கள் என்ன உண்டார்கள் என்றும் கேட்டுக் கணக்கிட்டிருக்கிறார்கள். பட்டணத்தில் வாழ்வோரும் வந்து குடியேறியோரும் கிராமத்தாரைவிடக் காய்கறியும் பழமும் மிகுதியாகவே உண்டார்கள். சில பிரிவினரிடம் வேறுபாடு 100க்கு 80 அளவுக்கு எட்டியது. பாலும் இறைச்சியும்கூட அதிகம். ஆனால் சர்க்கரையும் 100க்கு 35 வரை கூடியது. மொத்த உணவும் கூடியது. ஆக, பட்டணம் நல்லதையும் கொடுக்கிறது, கெட்டதையும் கொடுக்கிறது. உழைப்பை மட்டும் எடுத்துக்கொள்கிறது. ஏர் பிடித்தவன் உடலில் எரிந்துபோன சோறு, இயந்திரத்தின் முன் நிற்பவன் உடலில் எரிவதில்லை.

இது நம் காலத்தில் மட்டும் நேர்ந்ததன்று. 1860ஆம் ஆண்டு நவம்பரில் 'ட்ரூரோ' என்னும் கப்பல் சென்னைத் துறைமுகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் டர்பனில் போய் இறக்கியது. அவர்களும் அவர்களுக்குப் பின் சென்ற தமிழரும் தெலுங்கரும் நேட்டால் கரும்புத் தோட்டங்களில் உழைத்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் டர்பன் மருத்துவர்கள் கண்டது என்ன? அவர்களுடைய பேரப்பிள்ளைகளிடையே நீரிழிவு பெருகிக் கிடந்தது. அக்காலத்தில் தாய்நாட்டு ஊர்ப்புறங்களில் அந்நோய் அரிது. 1970க்குப் பின் சில ஆண்டுகளில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் எடுத்த கணக்கில்கூட, நகரங்களில் 100க்கு 2 பேருக்கும் கிராமங்களில் 1.5 பேருக்குந்தான் நீரிழிவு இருந்தது.

இப்போது காக்ஸ் டவுன் அடுப்பங்கரைக்கு வருவோம்.

1809ஆம் ஆண்டை ஒட்டி ஆங்கிலேயர் இங்கே தண்டு இறக்கினார்கள். சென்னைப் படையோடு சிப்பாய்கள் மட்டும் வரவில்லை; வண்டிக்காரர், வண்ணார், தையற்காரர், கொத்தர், சமையற்காரர் எல்லோரும் தமிழ் நாட்டிலிருந்து வந்தனர். அவர்களில் பலர் கேழ்வரகும் கம்பும் விளையும் வறண்ட சீமைகளைச் சேர்ந்தவர்கள். வந்து சேர்ந்த மைசூர் மேட்டு நிலமோ கேழ்வரகின் தாய்வீடு போன்றது. செம்மண், குறைந்த மழை, குளிர்ந்த காற்று மூன்றும் அப்பயிருக்கு உகந்தவை. ஆயினும் குடிபுகுந்தவர்கள் கையில் காசு சேரச் சேர, அரிசியின் பக்கமே நகர்ந்தார்கள். களி ஏழையின் உணவு, சோறு மதிப்புள்ளவனின் உணவு என்ற எண்ணம் நம்மவரிடம் ஆழ வேரூன்றியது. சிறைக்குப் போவதையே நம் தமிழில் 'களி தின்னப் போவது' என்கிறோம் அல்லவா! கன்னடத்தாரோ அதே களியை முத்தே என்று கொண்டாடுகிறார்கள். பதினாறாம் நூற்றாண்டுக் கனகதாசர் 'ராமதான்ய சரிதை' என்னும் காவியத்தில், அரிசிக்கும் கேழ்வரகுக்கும் ஏற்பட்ட வழக்கை இராமபிரான் முன் கொண்டுபோய் நிறுத்துகிறார். இராமர் இரண்டையும் ஆறு திங்கள் சிறை வைக்கிறார். வெளியே வரும்போது அரிசி வலுவிழந்து நிற்கிறது, கேழ்வரகு வாடாமல் நிற்கிறது, வெற்றி அதற்கே. பஞ்சத்துக்கென்று கேழ்வரகைச் சேமித்துவைத்த நாட்டில் இத்தகைய கதை பிறந்ததில் வியப்பில்லை.

அப்படியானால் அரிசியை விட்டுக் கேழ்வரகுக்குத் திரும்பினால் நோய் தீர்ந்ததா? பலர் அப்படித்தான் எண்ணுகிறார்கள்; கடைகளும் அவ்வாறே விளம்பரம் செய்கின்றன. ஐதராபாத் தேசிய உணவூட்டக் கழகத்தின் நெடுங்காலமாய் வழங்கிவரும் அட்டவணையைப் பாருங்கள். 100 கிராம் கேழ்வரகில் 344 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. தீட்டிய பச்சரிசியில் வெறும் 10. எலும்புக்கும் பல்லுக்கும் கேழ்வரகே மேல் என்பதில் ஐயமில்லை. ஆனால் மாவுச் சத்து? கேழ்வரகில் 72 கிராம், அரிசியில் 78 கிராம். பெரிய வேறுபாடு இல்லை. அதையும் நைய அரைத்துக் கூழாக்கிக் குடித்தால், உடலுக்குள் சர்க்கரையாக மாறும் வேகத்தில் அதுவும் சளைத்ததன்று. 2025இல் வெளிவந்த பெரிய ஆய்வொன்று இதனை உறுதிப்படுத்தியது. இந்தியர் உண்ணும் உணவின் சக்தியில் 100க்கு 62 பங்கு மாவுச் சத்திலிருந்தே வருகிறது என்றும், அரிசியை நீக்கி அதே அளவு கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ உண்பதால் மட்டும் நீரிழிவு ஆபத்துக் குறைவதாகக் காணவில்லை என்றும், மாவுச் சத்தின் ஒரு பங்கைப் புரதத்தால் மாற்றியோருக்கே ஆபத்துக் குறைந்து காணப்பட்டது என்றும் அது கூறியது. தட்டில் எந்தத் தானியம் என்பதைவிட, தட்டில் எவ்வளவு தானியம், அதன் பக்கத்தில் என்ன என்பதே முதற்கேள்வி.

பக்கத்தில் என்ன என்ற கேள்வியை நூறாண்டுக்குமுன்பே நம் நீலகிரியில் ஒருவர் கேட்டார். குன்னூரில் 1918இல் சிறிய அளவில் தொடங்கிய உணவு ஆராய்ச்சிதான் பின்னர் ஐதராபாத் கழகமாக வளர்ந்தது. அதைத் தொடங்கிய மருத்துவர் மக்காரிசன், எலிகளைக் கூட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் இந்தியாவின் ஒவ்வொரு பகுதி மக்கள் உண்ணும் உணவைக் கொடுத்தார். முழுக்கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, பச்சைக் காய்கறி கொண்ட பஞ்சாபிச் சீக்கியர் உணவைத் தின்ற எலிகள் எல்லாவற்றினும் செழித்தன. கடைசியில் நின்றவை சென்னைச் சீமையின் அரிசியுணவைத் தின்றவை. நமக்குச் சற்றுச் சுருக்கென்று தைக்கும் செய்திதான்! ஆனால் இங்கும் ஒன்றைச் சொல்ல வேண்டும். எலிகளுக்குக் கொடுத்த அந்த நல்லுணவுக்குரிய பஞ்சாபில், 2023இல் வெளியான கணக்கின்படி, 100க்கு ஏறத்தாழ 52 பேருக்கு இரத்தக் கொதிப்பு இருந்தது. அம்மாநிலங்களிலெல்லாம் அதுவே உச்சம். எலிகள் வளரும் பருவத்தில் இருந்தவை. மக்காரிசன் அளந்தது வளர்ச்சியை. வயல் வேலை குறைந்தபின் வெண்ணெய் என்ன செய்யும் என்பது அவர் கேட்ட கேள்வி அன்று.

அந்த 2023ஆம் ஆண்டுக் கணக்கு, மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்காகச் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் நாடெங்கும் 1,13,043 பேரைச் சோதித்து எடுத்தது. 100க்கு 11.4 பேருக்கு நீரிழிவு, நகரத்தில் 16.4, கிராமத்தில் 8.9. கோவாவில் 26.4, உத்தரப் பிரதேசத்தில் 4.8. ஒரே நாட்டுக்குள் ஐந்து மடங்கு வேறுபாடு! சுமார் ஐம்பதாண்டுக்குமுன் 1.5 ஆயிருந்த கிராமத்துக் கணக்கு இன்று எங்கே வந்து நிற்கிறது என்பதையும் கவனியுங்கள். அளந்த முறைகள் வேறானாலும், பட்டணம் தன் எல்லையைத் தாண்டிப் பரவிவிட்டது என்பது விளங்கும்.

சோற்றின் அளவைப் பற்றியும் ஒரு செய்தி. இருபத்தொரு நாடுகளில் 1,32,373 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஓர் ஆய்வில், நாளொன்றுக்கு 450 கிராமுக்கு மேல் வெள்ளரிசிச் சோறு உண்டோரை, 150 கிராமுக்குக் கீழ் உண்டோரோடு ஒப்பிட்டார்கள். தெற்காசியாவில் முன்னவர்க்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 100க்கு 61 பங்கு கூடுதலாயிருந்தது. 450 கிராம் சோறு நம் வீடுகளில் பெரிய அளவு அன்று. காலை இட்லியும் இரவுத் தோசையும் போக, மதியச் சாப்பாட்டில் சாம்பார், இரசம், மோர் என்று மும்முறை பிசையும் பழக்கமுள்ளவர் எளிதில் எட்டிவிடுவார்.

'குறைத்துக்கொள்ளுங்கள், காய்கறி சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று மருத்துவர் எழுதிக் கொடுத்துவிடலாம். காக்ஸ் டவுன் சந்தையில் காய்கறிக்கென்ன குறைவு? அரைக்கீரை, தண்டுக்கீரை, வெந்தயக்கீரை கட்டுக் கட்டாய் இருக்கும். மார்கழி, தை மாதங்களில் மொச்சைக்காய் மலைபோல் குவியும். கன்னடத்தார் அதை அவரேகாய் என்பர். மொச்சைக் கொட்டையைப் பிதுக்கிக் குழம்பு வைத்துக் களியோடு உண்பது இந்நாட்டு ஏழை கண்டுபிடித்த உயர்ந்த உணவு. தானியத்தில் குறைந்த புரதத்தை மொச்சை நிறைவு செய்கிறது. ஆனால் இவையெல்லாம் யாருக்குக் கைக்கெட்டும்? காலை எட்டு மணிக்கு ஆயத்த ஆடை ஆலைக்குப் புறப்பட்டு இரவு ஏழுக்கு வீடு திரும்பும் பெண்ணுக்குக் கீரை ஆய நேரமில்லை. ஒற்றை அறை வாடகை வீட்டில் காய்கறி வைக்க இடமுமில்லை. வரும் வழியில் ரொட்டிக்கடையின் கண்ணாடிப் பெட்டியில் பன்னும் பப்ஸும் இருக்கின்றன. தள்ளுவண்டியில் எலுமிச்சைச் சோறும் பஜ்ஜியும் சுடச்சுடக் கிடைக்கின்றன. பசியோடு வருபவருக்குக் குறைந்த காசில் வயிற்றை நிரப்புவது மாவும் எண்ணெயுமே. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கோ நடக்கவும் வேண்டாம். கைபேசியில் விரல் வைத்தால் பண்டம் வாசலுக்கு வருகிறது. ஒரே தெருவில் இருவர். ஒருவருக்கு நேரமில்லாமை, மற்றவருக்கு நடையில்லாமை. போய்ச் சேரும் மருத்துவமனை ஒன்றுதான்.

நியாயவிலைக் கடையையும் சொல்லாமல் விட முடியாது. 2013ஆம் ஆண்டு ஜூலையில் கர்நாடக அரசு அன்ன பாக்கியத் திட்டத்தைத் தொடங்கி, ஏழைக் குடும்பங்களுக்குக் கிலோ ஒரு ரூபாய் விலையில் 30 கிலோ வரை அரிசி கொடுக்க முன்வந்தது. பசியை ஓட்டிய திட்டத்தைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. ஆயினும் பை நிறைய அரிசி வீட்டுக்கு வந்தால் உலையில் அரிசிதான் ஏறும். பருப்பும் முட்டையும் அதே விலையில் அதே கடையில் கிடைக்குமானால் தட்டு வேறுவிதமாய் இருக்கும். தானியத்திலிருந்து வரும் சக்தி பாதிக்கும் குறைவாய், 100க்கு 45க்கு மேற்படாமல் இருக்க வேண்டும் என்று உணவூட்டக் கழகம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. மீதிப் பங்குக்கான பருப்பையும் காய்கறியையும் வாங்கும் பணத்தை வழிகாட்டி தருவதில்லையே!

நமக்குத் தெரிந்த ஓர் அம்மையார் காக்ஸ் டவுனில் இருக்கிறார். தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தவர், எழுபதை நெருங்குகிறார், நீரிழிவு வந்து பதினைந்து ஆண்டுகளாயிற்று. அவருடைய அக்கா குடியாத்தத்தின் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இன்னும் ஆடு மேய்க்கிறார். அவருக்கு நோய் ஒன்றுமில்லை. பொங்கலுக்குத் தங்கை வீட்டுக்கு வந்த அக்கா, அவர் மருந்துப் பெட்டியைப் பார்த்துவிட்டு, "ஏண்டி, நானும் நீயும் ஒரே சட்டியில் குடித்த கூழ்தானே!" என்று கேட்டாராம். தங்கைக்கு விடை சொல்லத் தெரியவில்லை. நம்மிடம் இதைச் சொன்னபோது சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

இப்போது அவர் மதியம் ஒரு கரண்டிச் சோறு குறைத்து, அந்த இடத்தில் சுண்டலோ மொச்சையோ வைத்துக்கொள்கிறார். இரவில் தோசையின் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டார். நடக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னதுதான் கடினமாயிருந்தது. பிளேக்குக்கு அஞ்சிக் காற்றோட்டத்துக்காக அகலமாய் விட்ட தெருக்களில் இரு மருங்கும் இப்போது வண்டிகள் நிற்கின்றன; நடைபாதையில் இருசக்கர வண்டிகள் ஏறி வருகின்றன. ஒருமுறை இடறி விழுந்ததிலிருந்து பகலில் அவர் வெளியே இறங்குவதில்லை. விடியுமுன் ஐந்தரை மணிக்குப் போய், சந்தையைச் சுற்றி நான்கு முறை நடந்துவிட்டுத் திரும்புகிறார். காய்கறி மூட்டைகளை இறக்கும் கூலியாட்கள், அவர் வருவதைக் கண்டால் மூட்டையைத் தள்ளி வைத்து வழி விடுகிறார்கள். ஏழு மணிக்குமேல் அந்த வழி இருக்காது.